பாப்-அப்பிலிருந்து டிரெய்லருக்கு: முதலில் வண்டிக் கதவைத் திறந்து பாருங்கள்

மழை இரவில் பாப்-அப் கேம்பருக்குள், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் விரித்துக்கொள்ளும் கான்வாஸ் சுவர் மடக்கு வீட்டுக்குள், படுத்திருப்பவர்களுக்குத்தான் கெட்டிச் சுவர் உள்ள டிரெய்லர் மேல் ஆசை வரும். கான்வாஸ் மேல் மழை விழும் சத்தம் முதல் அரை மணி நேரம் இனிக்கும். அப்புறம் எந்த மூலையில் கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பிப்போம். காலையில் ஈரக் கான்வாஸை அப்படியே மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் டிரைவ்வேயில் திரும்ப விரித்துக் காயவைக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வட கரோலினாவில் ஐந்து வருடம் நாங்கள் இதைச் செய்தோம்.

எங்களை முடிவெடுக்க வைத்தது மழையல்ல, கரடி. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடத்தில்தான் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உண்டு என்று ஆசையாகப் பதிவு செய்யப் போனால், கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்றிருந்தது. துணிச்சுவர் கூடாது. கரடி நடமாடும் வேறு சில இடங்களிலும் அவ்வப்போது இதே கட்டுப்பாடு வரும். அன்றிரவே டிரெய்லர் தேட ஆரம்பித்தேன். அதையும் தப்பான முனையிலிருந்து ஆரம்பித்தேன்: படுக்கை எத்தனை, பங்க் பெட் உண்டா, கிச்சன் எப்படி என்று. இதே பாதையில் இறங்கப்போகிறவர்களுக்கு, எந்த வரிசையில் யோசித்தால் பணமும் மானமும் தப்பும் என்று எழுதிவைக்கிறேன். அமெரிக்கச் சாலைகளையும் கேம்ப் கிரவுண்டுகளையும் மனதில் வைத்து எழுதியது.

பாப்-அப் கண்டுகொள்ளாமல் விட்ட தவறுகள்

பாப்-அப் இழுத்த அனுபவம் இருப்பதால் டிரெய்லரும் வந்துவிடும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. மடித்த பாப்-அப் இடுப்பு உயரம் சொச்சம்தான் இருக்கும். ரியர் வியூ கண்ணாடியில் அதன் தலைக்கு மேல் பின்னால் வரும் கார் தெரியும். எடை 1,500 முதல் 3,000 பவுண்டுக்குள். காற்று அதைக் கவனிக்கவே கவனிக்காது. சாமானை எங்கே வைத்தாலும், கொஞ்சம் வேகமாகப் போனாலும் சத்தம் போடாமல் பின்னால் வரும்.

டிரெய்லர் 8 அடி அகலம், ஏசி வரை அளந்தால் 10 முதல் 11 அடி உயரம் வரும் ஒரு சுவர். எடை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பக்கத்தில் லாரி கடந்தால் அதற்குத் தெரியும். நாம் பின்பக்கம் சாமானை அடைத்திருந்தால் அதுவும் தெரியும். மைலேஜ் பாதியாகக் குறையும். எங்கள் டிரக் தனியாகப் போகும்போது கேலனுக்கு 20 மைல் தருகிறது, டிரெய்லரோடு 10 வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

கதவு ஸ்டிக்கர்

விற்பனையாளர் சொல்லும் எண், இழுவைத் திறன். ‘இந்த டிரக் 11,000 பவுண்டு இழுக்கும்’ என்பார். பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும்போது வண்டிக்குள் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும், தலா 150 பவுண்டு என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். உங்கள் பிள்ளைகள், கூலர், அரிசி மூட்டை எதுவும் அதில் இல்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த எண்ணை எட்டும் முன்பே வேறொரு எண் தீர்ந்துபோகும். அதன் பெயர் பேலோட், வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். ஒரே மாடல், ஒரே வருட வண்டிகளில்கூட இந்த எண் மாறும். சன்ரூஃப், நாலு சக்கர இழுவை என்று ஏற ஏற இது இறங்கும். ஆகவே இணையத்தில் பார்க்காதீர்கள், உங்கள் கதவில் பாருங்கள். டிரெய்லரின் முன்பகுதி ஹிட்ச்சின் மேல், அதாவது வண்டியின் பின்னால் உள்ள இணைப்பின் மேல், அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அந்த எடைக்கு இங்கே டங் வெயிட் என்று பெயர். நம் ஊரில் மாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் இதை எப்போதோ பெயர் வைத்துத் தீர்த்துவிட்டார்கள்: முன்பாரம். மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்னால் அதிகம் வைத்தால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். கணக்குக்கு 13 என்று வைத்துக்கொள்வேன்.

எங்கள் கணக்கையே காட்டுகிறேன். கதவில் இருந்த எண் 1,480. நான் 175, மனைவி 135, மகன் 115, மகள் 75, ஆக 500. டிரக் பின்தொட்டியில் ஜெனரேட்டர், கூலர், விறகு, நாற்காலிகள் 260. எடையைப் பகிரும் ஹிட்ச் (பின்னால் விளக்குகிறேன்) 90. கழித்தால் மிச்சம் 630. முன்பாரத்துக்கு இருப்பது அவ்வளவுதான். 630-ஐ 13 சதவீதம் என்று வைத்துத் திருப்பிப் போட்டால், சாமான் ஏற்றிய டிரெய்லர் சுமார் 4,850 பவுண்டைத் தாண்டக் கூடாது. 11,000 இழுக்கும் என்ற டிரக்கின் நிலைமை இது!

இனி டிரெய்லர் பக்கம். விளம்பரத்தில் போடுவது வெறும் எடை. நாங்கள் மயங்கிய முதல் டிரெய்லரின் வெறும் எடை 4,300. அதோடு நிரப்பிய புரொப்பேன் சிலிண்டர் இரண்டு 74, பேட்டரி 50, 10 கேலன் தண்ணீர் 83, பாத்திரம், படுக்கை, துணிமணி, சாப்பாட்டுச் சாமான் 600. மொத்தம் 5,107. முன்பாரம் 664. எங்களிடம் இருப்பதோ 630. அதை விட்டுவிட்டு 3,850 பவுண்டு வெறும் எடையுள்ள ஒன்றை வாங்கினோம். முன்பாரம் 605 வந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

அந்த 600 பவுண்டு அதிகமாகத் தெரிகிறதா? இரும்பு தோசைக்கல், குக்கர், இரண்டு நாளைக்கு மாவு, 20 பவுண்டு அரிசி, நாலு பேருக்குப் போர்வை என்று ஒவ்வொன்றாகக் குளியலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு 600 போதவில்லை.

ஒடிஸி, சியென்னா போன்ற மினிவேன் வைத்திருப்பவர்கள் வருத்தப்படக் கூடாது. அவற்றின் இழுவை வரம்பே 3,500 பவுண்டு. பங்க் பெட் வைத்த டிரெய்லரெல்லாம் அதற்கு ஆகாது. பாப்-அப்பிலேயே இருங்கள், அல்லது கெட்டிச் சுவரோடு கூரை வடிவில் விரியும் சிறிய மடக்கு ரகங்களைப் பாருங்கள். 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவிக்காரர்கள், உரிமையாளர் கையேட்டில் முகப்புப் பரப்பளவுக்கு வரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். எடை சரியாக இருந்தாலும், 8 அடிக்கு 8 அடி சுவரைக் காற்றுக்கு எதிராக இழுப்பதை அந்த வரம்பு தடுக்கலாம். பாப்-அப் இழுத்த காலத்தில் இந்த வரி நம் கண்ணில் பட்டே இருக்காது.

வாங்கும் முன் ஒரு வாடகைப் பயணம்

அவுட்டோர்ஸி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் தனியார் தங்கள் டிரெய்லரை வாடகைக்கு விடுகிறார்கள். சிலர் கேம்ப் கிரவுண்டுக்கே கொண்டுவந்து நிறுத்தித் தருவார்கள். இழுக்கத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. மூன்று நாள் தங்கிப் பாருங்கள். ஷோரூமில் பத்து நிமிடம் நின்றால் எல்லாம் அரண்மனை மாதிரிதான் இருக்கும். உள்ளே நாலு பேரும் ஒரே நேரத்தில் பல் தேய்க்கப் போகும்போதுதான் எந்த உள்ளமைப்பு நமக்கு ஆகும் என்று தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். பாப்-அப் கேரேஜில் அடங்கியது. டிரெய்லர் அடங்காது. பல குடியிருப்புச் சங்கங்கள் டிரைவ்வேயில் டிரெய்லர் நிற்க ஒரு நாள், இரண்டு நாளுக்கு மேல் விடுவதில்லை. நாங்கள் இதைப் படிக்காமல் வாங்கி, மூன்றாம் நாள் கடிதம் வாங்கினோம். இப்போது பத்து மைல் தள்ளி ஒரு வாடகை இடத்தில் நிற்கிறது.

நீளத்தில் ஒரு ஏமாற்று உண்டு. மாடல் பெயரில் 19 என்றோ 22 என்றோ இருந்தால் அது பெரும்பாலும் பெட்டியின் நீளம். முன்னால் நீளும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்தால் மூன்று நாலு அடி கூடும். கேம்ப் கிரவுண்டில் முழு நீளம்தான் கணக்கு. ஸ்மோக்கி மலையின் எல்க்மாண்ட் கேம்ப் கிரவுண்டில் டிரெய்லருக்கு 32 அடி வரைதான், அதிலும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி நீளம். கிளேஷியர் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையில் அவலாஞ்சுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையில் 21 அடிக்கு மேற்பட்ட எதுவும் போகக் கூடாது; வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 21. அங்கெல்லாம் டிரெய்லரை கேம்ப்பில் விட்டுவிட்டுத்தான் சுற்ற வேண்டும். தேசியப் பூங்காக்களின் பழைய கேம்ப் கிரவுண்டுகளைக் குறிவைப்பவர்களுக்கு 25 அடிக்குள் இருப்பது நல்லது என்பது என் கட்சி.

பழையது வாங்குவதானால் எதிரி ஒன்றே ஒன்று: தண்ணீர். கான்வாஸ் நனைந்தால் கண்ணுக்குத் தெரியும். டிரெய்லரில் கூரை இணைப்பில் ஒரு முடி அளவு விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர், சுவருக்குள் இரண்டு வருடம் சத்தமில்லாமல் மரத்தை அழுக வைக்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் மூச்சை இழுத்துப் பாருங்கள். வாசனை திரவம் தூக்கலாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மூலைகள், ஜன்னலின் கீழ்ப்பக்கம், கட்டிலடிப் பெட்டி, கழிப்பறையைச் சுற்றித் தரை எல்லாவற்றையும் விரலால் அழுத்துங்கள். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் பேரம் பேசாதீர்கள், கிளம்பிவிடுங்கள். வெளியே ஃபைபர்கிளாஸ் சுவரில் அலை அலையாகக் குமிழ் தெரிந்தாலும் அதே முடிவுதான். ஏணி கேட்டுக் கூரையையும் பார்த்துவிடுங்கள். பல கையேடுகள் கூரைப் பூச்சை 90 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன. விற்பவர் எப்போது பார்த்தார் என்று கேட்டால் அவர் முகமே பதில் சொல்லிவிடும்.

இணைப்பும் பிரேக்கும்

பாப்-அப்பில் ஹிட்ச்சின் இரும்புப் பந்தின் மேல் வைத்தோம், பூட்டினோம், லைட் வயரைச் சொருகினோம், போனோம். இனி மூன்று விஷயங்கள் கூடுகின்றன.

ஒன்று, பந்தின் அளவு. பாப்-அப்புக்குப் பெரும்பாலும் ஒன்றே முக்கால் சொச்சமோ 2 அங்குலமோ போதும். டிரெய்லர்கள் பலவற்றுக்கு 2 அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் ஐந்து பங்கும் (2 5/16). டிரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வும் பெரிய மூடிக்குச் சிறிய பந்தைப் போட்டால் பூட்டியது போலவே தோன்றும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். அளவு பந்தின் தலையிலும் டிரெய்லரின் மூடியிலும் பொறித்திருக்கும். இரண்டையும் படியுங்கள்.

இரண்டு, எடையைப் பகிரும் ஹிட்ச். 600 பவுண்டு பின்னால் அழுத்தும்போது டிரக்கின் பின்பக்கம் இறங்கி முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் அங்கேதான் இருக்கின்றன. இந்த ஹிட்ச்சின் இரண்டு இரும்புக் கம்பிகள் நெம்புகோல் போல வேலை செய்து அந்த எடையில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்குத் திருப்பி அனுப்பும். பொருத்துவதற்கு முன் முன்சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிரெய்லரை வைத்ததும் அது ஏறும். கம்பிகளை மாட்டியதும் ஏறிய அளவில் பாதியாவது இறங்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். விற்ற இடத்திலேயே பொருத்திக் கொடுத்தாலும் நீங்கள் அளந்து பாருங்கள். எங்களுக்குப் பொருத்தியவர் காலி டிரெய்லருக்குப் பொருத்தினார். சாமான் ஏறியதும் எல்லாம் மாறிவிட்டது. டிரக்கில் ஹிட்ச்சைச் சொருகும் சதுரக் குழாயான ரிசீவரின் அடியில் ஒட்டியிருக்கும் வரம்புச் சீட்டையும் படியுங்கள். அந்த ஹிட்ச் இல்லாமல் ஒரு எண், இருந்தால் ஒரு எண் போட்டிருக்கும்.

மூன்று, பிரேக் கண்ட்ரோலர். டிரெய்லருக்கென்று தனி மின் பிரேக் உண்டு. அதை இயக்க வண்டிக்குள் ஒரு கண்ட்ரோலரும் ஏழு முனை இணைப்பும் வேண்டும். பாப்-அப்பின் நாலு முனைத் தட்டை வயர் போதாது. எந்த எடைக்கு மேல் பிரேக் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு: கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு, டெக்சாஸில் 4,500. சட்டம் எதுவானாலும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறதோ அதற்கேற்றபடி பிரேக் கொடுக்கும் ரகமாகப் பாருங்கள். நேரத்தை மட்டும் கணக்குப் பண்ணும் மலிவு ரகம் உலுக்கி எடுக்கும். காலி இடத்தில் 20, 25 மைல் வேகத்தில் போய் கண்ட்ரோலரில் உள்ள நெம்பைக் கையால் அழுத்தினால், டிரெய்லர் நம்மைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறையுங்கள்.

பூட்டிய பிறகு நான் தவறாமல் செய்யும் ஒரு வேலை: டிரெய்லரின் ஜாக்கைத் திரும்பக் கீழே இறக்கி மேலே தூக்குவேன். டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. சங்கிலிகளை அடியில் குறுக்காக மாட்டுங்கள். இணைப்பு கழன்றாலும் மூக்கு தரையில் விழாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். இணைப்பு கழன்றால் டிரெய்லர் பிரேக்கைத் தானாகப் போடும் அவசர பிரேக் கம்பியைச் சங்கிலியோடு சேர்க்காமல் வண்டியில் வேறொரு இடத்தில் மாட்டுங்கள்.

பின்பாரம் அடித்த நாள்

எங்கள் மூன்றாவது பயணம். இன்டர்ஸ்டேட் 40-ல் ஆஷ்வில்லை நோக்கிப் போகிறோம். பிள்ளைகள் கேட்டார்கள் என்று நாலு சைக்கிளை டிரெய்லரின் பின் பம்பரில் ஸ்டாண்டு வைத்து மாட்டியிருந்தேன். போகும் இடத்தில் குழாய் இருக்காது என்பதால் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பியிருந்தேன். எங்கள் டிரெய்லரில் அது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. வேகம் 68.

இடது பக்கம் ஒரு பெரிய லாரி கடந்தது. லாரியின் காற்று முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். இது ஏற்கெனவே பழகியதுதான். ஆனால் இந்த முறை லாரி போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஸ்டியரிங் லேசாக இடது, வலது, இடது என்று தானாக அசைந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரெய்லரின் பின்மூலை வந்து வந்து போனது. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மனைவி மட்டும் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ‘என்னங்க...’ என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கை தானாகப் பிரேக் கண்ட்ரோலரின் நெம்புக்குப் போனது என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் காலால் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் கூடியது. மிதித்தால் டிரக் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், வால் இன்னும் வீசும். பயந்து காலை எடுத்தேன், ஆக்சிலரேட்டரையும் தொடவில்லை. மேட்டில் ஏறிக்கொண்டிருந்ததால் வேகம் தானாக 50-க்கு இறங்கியது. ஆட்டம் நின்றது. அடுத்த எக்சிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்கில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

செய்ய வேண்டியது இதுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கண்ட்ரோலரின் நெம்பைக் கையால் அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுக்கும்போது கயிறு விறைப்பது போல எல்லாம் நேராகும். வண்டி நிற்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு அந்த நெம்பு எங்கே என்று நாலு தடவை தொட்டுப் பழகுங்கள்.

பின்னால் எடை போட்டுப் பார்த்தபோது முன்பாரம் மொத்த எடையில் 8 சதவீதம்கூட இல்லை. சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து மூக்கைத் தூக்கிவிட்டிருந்தன. அந்தப் பம்பரே பல டிரெய்லர்களில் கழிவுக் குழாயைச் சுருட்டி வைப்பதற்கான மெல்லிய சதுரக் குழாய்தான், சைக்கிள் மாட்டுவதற்கானதல்ல. இப்போது சைக்கிள்கள் டிரக்கின் தொட்டியில் போகின்றன, ஜெனரேட்டர் வீட்டில் இருக்கிறது, தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்புகிறோம். கனமானது சக்கரத்துக்கு மேலும் சற்று முன்னும், லேசானது பின்னால்.

கணக்கு வேறு, தராசு வேறு. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முழுச் சாமானும் ஆட்களும் ஏறிய நிலையில் முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் என்று மூன்றும் தனித்தனி மேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள். கைபேசிச் செயலியிலேயே சீட்டு வந்துவிடும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு முறை ஏற்றினால், இரண்டு சீட்டையும் வைத்து முன்பாரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு முதல் முறை எடை போடும்போது அந்த இரும்புக் கம்பிகளைத் தளர்த்தியிருக்க வேண்டும். பின்னால் லாரிக்காரர்கள் காத்திருப்பார்கள், அவசரப்படாதீர்கள்.

பின்னால் எடுப்பது

இதில் ஒரு நல்ல செய்தி: நீளமான டிரெய்லர் பாப்-அப்பைவிடச் சுலபம். குட்டி டிரெய்லர் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மடங்கிவிடும். பெரியது யோசித்துத்தான் திரும்பும். கையை ஸ்டியரிங்கின் அடியில், ஆறு மணி இடத்தில் வையுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஞாயிறு காலையில் காலியான பள்ளி மைதானமோ அலுவலகப் பார்க்கிங்கோ போதும். நாலு கூம்புகளை வைத்து ஒரு கேம்ப் இடம் போல அமைத்து இரண்டு மணி நேரம் பழகுங்கள். ஓட்டுநர் பக்கமாக வளைந்து பின்னால் போவதையே முதலில் பழகுங்கள். எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது.

வழிகாட்டுபவரோடு பேச்சு வார்த்தையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். இடது, வலது என்று சொன்னால் யாருடைய இடது என்ற சண்டை வரும். நாங்கள் ‘டிரைவர் பக்கம்’, ‘பாசஞ்சர் பக்கம்’ என்று மாற்றிக்கொண்டோம். கத்த வேண்டாம், இரண்டு பேரும் போனில் பேசுங்கள். அவர் முகம் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி நகரக் கூடாது. இதெல்லாம் இல்லாமல் ஜோர்டன் ஏரியில் ஒரு மாலை நான் பின்னால் எடுத்தபோது, பின்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரக்கின் முன்மூலை எதிர்ப்பக்கக் கம்பத்தில் உரசிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்ப்பதில் வெட்கமே இல்லை. எதிரே நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பவர்களும் ஒரு நாள் அப்படி இறங்கியவர்கள்தான்.

சாலையில்

டிரெய்லர் வண்டியைவிட அகலமானதால் நீளும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் வேண்டும். டயர் விஷயத்தில் கவனம்: டிரெய்லருக்கென்றே வரும் டயர்கள் பலவற்றின் வேக வரம்பு மணிக்கு 65 மைல். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55. டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண் தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பள்ளம் தேயாமல் புதுசு போல் இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுங்கள். புதிதாகச் சக்கரம் பூட்டியிருந்தால் 10, 25, 50 மைலில் நிறுத்தி நட்டுகளை இறுக்குங்கள்.

மலைச்சரிவில் பிரேக்கையே நம்பிப் போகக் கூடாது. இன்டர்ஸ்டேட் 40-ல் ரிட்ஜ்கிரெஸ்டிலிருந்து ஓல்டு ஃபோர்ட்டுக்கு இறங்கும் வழியில் 6 சதவீதச் சரிவு மைல் கணக்கில் நீளும்; பிரேக் போன லாரிகளுக்காக ஓரத்தில் சரளை மேடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, இழுவை முறைக்கு மாற்றி, கியரை இறக்கிவிடுங்கள். இன்ஜின் இரைச்சல் போடும், போடட்டும். வேகம் ஏறும்போது ஒருமுறை அழுத்தமாகப் பிரேக் போட்டு விட்டுவிடுங்கள். கால் அதிலேயே ஊறிக் கிடந்தால் கருகும்.

உயரத்தையும் கேஸையும் மறக்காதீர்கள். பாலங்கள் தாழ்வாக இருக்கும் நியூயார்க் பார்க்வேக்களில் டிரெய்லர் போகவே கூடாது. நியூ ஜெர்சியிலிருந்து தெற்கே வரும் நம் ஆட்கள் பால்டிமோரில் மாட்டிக்கொள்வார்கள்: துறைமுகத்தின் அடியில் போகும் சுரங்கங்கள் இரண்டிலும் நம் 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டருக்கு அனுமதியில்லை. முன்பு கீ பாலம் வழியாகச் சுற்றுவார்கள்; அது 2024 மார்ச் 26-இல் கப்பல் மோதி விழுந்தது. இப்போதைக்கு 695 என்ற வளையச் சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டியதுதான். கார் ஜிபிஎஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது.

போய்ச் சேர்ந்த பிறகு

முதலில் பக்கவாட்டு மட்டம், அதற்குப் பலகை வைத்து ஏற்றுங்கள். அப்புறம் சக்கரங்களுக்கு அடைக்கட்டை. அதற்குப் பிறகுதான் டிரக்கைக் கழற்றுவது. கடைசியில் முன்-பின் மட்டம், மூலை ஜாக்குகள். மூலை ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. கேஸில் ஓடும் பழைய ரக ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டம் பிசகினால் கெட்டுப்போகும்.

மின்சாரம் பெரும்பாலும் 30 ஆம்ப். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்க, வாட்டர் ஹீட்டரும் மைக்ரோவேவும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். சட்னி அரைக்கும் முன் வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிடுவது எங்கள் வீட்டு விதி. கம்பத்தில் சொருகும் முன் மின் பாதுகாப்புக் கருவி ஒன்றை இடையில் போடுங்கள். வீட்டில் 30 ஆம்ப் பிளக் வைக்கச் சொன்னால், எலக்ட்ரீஷியன் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவதுண்டு. சொருகிய நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் புகையும். 120 வோல்ட் என்று எழுதியே கொடுங்கள். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் பித்தளை வால்வு ஒன்றும் வேண்டும்.

கடைசியாக, பாப்-அப்காரர்களுக்கு முற்றிலும் புதிய உலகம்: கழிவுத் தொட்டிகள். கழிப்பறைக்குக் கறுப்புத் தொட்டி, குளியலுக்கும் பாத்திரத்துக்கும் சாம்பல் தொட்டி. கழிவுநீர் இணைப்பு இருக்கிறதே என்று கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே விடாதீர்கள். தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது தங்கி மேடு கட்டும். அதை உடைப்பது உங்கள் வேலையாகும். முக்கால்வாசி நிறையும் வரை மூடி வையுங்கள், ஒவ்வொரு தடவையும் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். நம் ஊர்ப் பழக்கம் இங்கே கை கொடுக்கிறது. காகிதத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறவர்களுக்குத் தொட்டி அடைப்பதில்லை. கையில் ஒரு சிறு தெளிப்பான் பொருத்தினால் போதும், கறுப்புத் தொட்டி அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் கையுறை போட்டுக்கொண்டு, குழாயின் இரண்டு முனையும் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, முதலில் கறுப்பைத் திறந்துவிடுங்கள். அது முடிந்த பிறகு சாம்பல். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று நாங்கள் முதல் பயணத்திலேயே பார்த்தோம். அந்தச் செருப்பை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வண்டி ஓட்டி வந்தேன்.